அம்மா பெயரில் ஒரு ரசீது

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறிய அப்பா கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஜெகதளாவுக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. வேறு வருமானம் கிடையாது. குன்னூரில் ஆபரேஷனுக்கு வேண்டிய பணத்தை அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் இலை ஏஜென்ட். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பச்சை இலையை வாங்கிப் பேக்டரிக்கு ஏற்றுகிறவர். வட்டி என்று அவர் வாய்திறந்து கேட்கவில்லை. கடன் தீரும்வரை இலையை அவருக்கே போட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஜீப்பில் எப்போதும் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் வைத்திருப்பார். என்னைப் பார்த்தால் இரண்டு தருவார். அவர் தராசில் எங்கள் மூட்டை எப்போதும் கொஞ்சம் இளைத்துவிடும், ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம் கழியும் என்பதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம்.

இரண்டு வருடம் கழித்து அம்மா மகளிர் குழுவோடு பேங்குக்குப் போனாள். அங்கே கடன் கிடைத்தால் ஏஜென்ட் கடனை அடைத்துவிடலாம். மேனேஜர் தன்மையாகத்தான் பேசினாராம். இலை விற்ற ரசீதைக் காட்டச் சொன்னார். அம்மாவிடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் இலையெல்லாம் ஏஜென்டின் பெயரில்தான் பேக்டரிக்குள் போயிருந்தது. பேங்கைப் பொறுத்தவரை அம்மா ஒரு கொழுந்துகூடக் கிள்ளியதில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மா ஒரு மூட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். அதைத் தலையில் சுமந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, எஸ்டேட் குறுக்குப் பாதையில் பேக்டரிக்கு நடந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். பேக்டரி கிளார்க் பெயரைக் கேட்டு, அச்சடித்த ரசீதில் எழுதிக் கொடுத்தார். ரேஷன் கார்டுக்கு வெளியே அம்மாவின் பெயரை நான் பார்த்தது அன்றுதான். அதிலும் முன்னால் ‘திருமதி’ போட்டிருந்தது.

மூன்று சனிக்கிழமை அப்படிப் போனோம். அடுத்த திங்கட்கிழமை பள்ளிவிட்டு வரும்போது பக்கத்தில் ஜீப் வந்து நின்றது. ஏஜென்ட் வர்க்கியைக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமையானால் அம்மாவைக் காணோமே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேங்கில் ரசீது கேட்டதிலிருந்து ‘திருமதி’ வரைக்கும் சொன்னேன். அவர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் இலை எடுக்க ஜீப் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ரோட்டோரம் வைத்த மூட்டைகளுக்குள் இலை சூடேறிச் சிவந்துவிட்டது. அப்பா ஊன்றுகோலோடு வந்து ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை உதறிவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா அத்தனையையும் செடிகளுக்கு அடியில் கொட்டினாள்.

மூன்றாம் நாள் ஏஜென்ட் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. மனது புண்பட்டவர் போல இருந்தார்.

“இப்பப் பேங்கு வருமுங்க அம்மிணி. அவரு விழுந்தன்னிக்கு ஆரு வந்தாங்க?”

“நீங்கதானுங்க வந்தீங்க,” என்றாள் அம்மா. “அதுக்குத்தானுங்க ரெண்டு வருசமா எடையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.”

அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே அம்மாவும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பிக்கப்பை வாடகைக்குப் பேசினார்கள். எங்கள் பங்குக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பேங்க் கடன் கிடைக்கும்வரை அவள் காதில் ஈர்க்குச்சிதான். கடன் வந்ததும் ஏஜென்டுக்குத் தர வேண்டியதை அப்பாவே ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விஷயத்தை வெளியே சொன்னது யார் என்று அம்மா கடைசிவரை என்னைக் கேட்கவில்லை. ஏஜென்ட் வந்துபோன அந்த வாரச் சனிக்கிழமையும் ரசீது வாங்கப் பேக்டரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் இந்தத் தடவை சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாக அவள் பின்னால் நடந்தேன்.