தடுப்புக்கு அப்பால் நடந்த வகுப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. மொன்றியலின் கோட்-தெ-நேஜ் பகுதியில் இருந்த ஒரு பழைய சமூக மண்டபத்தின் மேல்மாடியில், ஞாயிறு காலைகளில் எங்கள் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். இங்கே வந்த பிறகு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு தையல் ஃபக்டரியில் குளிர்கோட்டுகளுக்குப் பை தைப்பதுதான் வேலை. அங்கே என் பெயரைக்கூட யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். ஞாயிறு இரண்டு மணித்தியாலம் மட்டும் நான் மறுபடியும் டீச்சர்.

அந்தப் பனிக்காலத்தில் அடுத்த அறைக்கு யூதப் பிள்ளைகளின் சமய வகுப்பு வந்து சேர்ந்தது. அவர்களுடைய ஆலயத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து வகுப்பறைகள் பழுதாகிவிட்டனவாம். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது மடித்துத் தள்ளுகிற பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

வகுப்பை நடத்தியவரும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முதல் நாளே, கடவுள் கேட்டார் என்பதற்காக ஒரு தகப்பன் தன் மகனைப் பலிகொடுக்க மலைக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னார். அவர்களுடைய வேதத்தில் உள்ள கதை. கடைசி நொடியில் கடவுளே தடுத்துவிடுவார். கதை முடிந்ததும், "தகப்பன் செய்தது சரியா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பையன், நானென்றால் பொலிசைக் கூப்பிட்டிருப்பேன் என்றான். அவர் அதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "சரி, கடவுளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்?" என்று திரும்பக் கேட்டார். அவ்வளவுதான், அறை சந்தையாகிவிட்டது.

என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். கைகட்டி இருப்பார்கள், பதிகங்களைப் பிசகில்லாமல் பாடுவார்கள். ஆனால் அவர்களுடைய காது தடுப்புப் பக்கம் போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பிள்ளைகளோ படியிறங்கும்போதும் விவாதம் செய்துகொண்டே போவார்கள். வெளியே கார்கள் ஹோர்ன் அடித்தாலும் நடைபாதைப் பனியில் நின்று கைகளை ஆட்டிக் கதைப்பார்கள். வாரா வாரம் ஜன்னலால் அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வேதத்தை இப்படி அவமதிக்கலாமா என்ற கோபம்தான் அது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஒரு ஞாயிறு, அடியவராக வந்த சிவனுக்குப் பெற்றபிள்ளையையே கறியாக்கிப் படைத்தவரின் கதையைப் படிப்பித்தேன். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வகுப்பிலேயே நன்றாகப் பாடுகிறவள் அவள். கையை உயர்த்தினாள்.

"அம்மா, வெட்ட முதல் அந்தப் பிள்ளையை ஆராவது கேட்டவையோ?"

"சாமி விசயத்தில இப்பிடிக் கதைக்கக்கூடாது. இரு."

இருந்தாள். அடுத்த ஞாயிறு, கழிவறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தேடிப் போனேன். அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே என் மகள் எங்கள் கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தை அறை மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பின்வரிசையில், ஒரு சின்னப் பிள்ளையைப் போல, நாடிக்குக் கைகொடுத்து என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வகுப்பில் ஒரு நாளும் நான் காணாத வெளிச்சம் என் மகளின் முகத்தில்.

உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். "உங்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பியுங்கள். என்னுடைய பிள்ளைக்கு வேண்டாம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அத்தோடு நிற்கவில்லை. மண்டபப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சத்தத்தால் எங்கள் பிரார்த்தனை கெடுகிறது என்று எழுதியது பாதி உண்மை. அந்த ஆசிரியை பிள்ளைகளுக்குக் கடவுளைக் கேலிசெய்யப் பழக்குகிறார் என்று எழுதியது முழுப்பொய். அடுத்த கிழமை அவர்களைக் கீழே நிலவறைக்கு மாற்றிவிட்டார்கள். மேல்மாடி அமைதியானது. மகள் எல்லாப் பாட்டையும் பிழையில்லாமல் பாடினாள், என்னை நிமிர்ந்து பார்க்காமலே.

இரண்டு கிழமை கழித்து, வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள். அன்றுதான் தனக்குக் கடைசி வகுப்பு என்றார். அவர் படிப்பிக்கும் விதத்தில் சில பெற்றோருக்கு ஏற்கெனவே அதிருப்தியாம். இப்போது ஆலய நிர்வாகம், போதும் என்று சொல்லிவிட்டதாம்.

"உங்கள் மகளை உடனே உங்களிடம் அனுப்பியிருக்க வேண்டும். கதை என்னை இழுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்" என்றார். பிறகு, "கதையைத் தொடங்கும்போதே அவள் என்ன சொன்னாள் தெரியுமா? எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் என் அம்மாவுக்குத் தெரியும், அவர் பெரிய டீச்சர், ஏனோ சொல்கிறார் இல்லை என்றாள்" என்றார்.

கையில் இருந்த கதிரையை அப்படியே கீழே வைத்தேன். "அந்தக் கடிதம் எழுதியது நான்தான்" என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"தெரியும். மண்டபத்திலிருந்து அதை எங்கள் ஆலயத்துக்கு அனுப்பியிருந்தார்கள், நிர்வாகத்தில் எனக்குக் காட்டினார்கள். கீழே உங்கள் பெயர் இருந்தது" என்றார். கோபம் இருந்தது அந்தக் குரலில், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படியெல்லாம் ஏறி என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

அன்றைக்கே நான் எழுதியது பொய் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். முந்திய கடிதம் போன வழியிலேயே அதுவும் போனது. பதில் வரவில்லை. அவரும் திரும்பி வரவில்லை. நிலவறைக்கு வேறொரு ஆசிரியர் வந்தார். அங்கிருந்து அதற்குப் பிறகு சத்தமே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மகள் கேட்ட கேள்வியை நானே கேட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கே தெரியாதோ அம்மா?"

"தெரியாது பிள்ளை. எத்தினை வருசம் படிப்பிச்சனான், ஒருநாளும் யோசிச்சுப் பாக்கேல்லை."

பிறகு, ஒரு நாளும் வாய்திறக்காத ஒரு சின்னப்பிள்ளை, "அந்தத் தாய் அழேல்லையோ, டீச்சர்?" என்று கேட்டாள். பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு அன்றைக்கு ஒரு மணிக்குத்தான் முடிந்தது.

அந்த வகுப்பைக் கேட்க அவர் அடுத்த அறையில் இல்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். என்னைவிட நன்றாக ஒரு வேலையைச் செய்கிறவரைப் பார்த்துக் கோபம் வரும்போதெல்லாம், அது உண்மையில் கோபம்தானா என்று என்னை நானே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.