காலியாகக் கிடந்த நெல்லறை

எழுபத்தெட்டாம் ஆண்டு கல்முனையில் சூறாவளி அடித்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு நாள். கீழே கடை, அதற்கு மேல் இரண்டு மாடி. எங்கள் தெருவில் அவ்வளவு உயரமான வீடு வேறு இல்லை. வாப்பா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். வீட்டில் உம்மா, நான், என் கணவர், மூவர்தான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். ஆனால் மாமியார் அவர் முன்னால் வரமாட்டார். சாப்பாட்டைக்கூட உம்மா கதவு மறைவில் நின்று என் கையில்தான் தருவார். பதினொரு நாளும் இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்தது நான்.

பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் காற்று ஏறத் தொடங்கியது. பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்குள் எதிர்வீட்டுக் கூரைத் தகரம் எங்கள் மேல்மாடியில் வந்து விழுந்தது. அங்கே எல்லாம் கண்ணாடி ஜன்னல்.

"மேல நிக்கப்படாது. படிக்குக் கீழ இரிக்கிற நெல்லறைக்கு எல்லாரும் போவம்" என்றார் கணவர். ஜன்னலே இல்லாத, நாலு பக்கமும் சுவர் வைத்த சின்ன அறை. நல்ல யோசனைதான். மேல்மாடியில் இருந்த உம்மாவிடம் ஓடினேன்.

"அந்தப் பெட்டி மாதிரி அறைக்குள்ள மாப்பிளையோட நான் இரிக்கிறதா? நான் இஞ்சயே இரிக்கன். நீங்க ரெண்டு பேரும் போங்க."

கீழே வந்து சொன்னேன். அவர் உடனே நெல்லறையை விட்டு வெளியேறி, கடையின் கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "மாமி உள்ள இரிக்கட்டும். நான் இதுல நிக்கன்."

மறுபடியும் மேலே ஓடினேன்.

"மாப்பிளைய வெளியில நிக்க வெச்சிட்டு நான் உள்ள இரிக்கவா? ஊர் என்ன கதைக்கும் புள்ள?"

ஊரே பறந்துகொண்டிருக்கிறது, கதைக்க யார் மிச்சம் என்று கத்தினேன். பத்திரமான அறை காலியாகக் கிடக்கிறது. ஆபத்தான இரண்டு இடத்திலும் ஆள் நிற்கிறது. நடுவில் நான் படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். அழுகையும் வந்தது, இரண்டு பேரின் தலையையும் பிடித்து மோதலாமா என்றும் வந்தது.

நாலாவது தடவை பாதிப் படி ஏறியிருப்பேன். மேலே கண்ணாடி சிதறும் சத்தம், கூடவே உம்மாவின் அலறல். என்னைத் தள்ளிக்கொண்டு கணவர் மேலே பாய்ந்தார். திரும்பி வரும்போது உம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். உம்மாவின் நெற்றியில் இரத்தம்.

நெல் மூட்டைகளுக்கு நடுவில் மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை முழுதாக மூடிக்கொண்டார். ஆனால் காற்று அடங்கும் வரை மருமகனின் கையை மட்டும் விடவேயில்லை.

காலையில் ஏறிப் பார்த்தால் மேல்மாடிக்குக் கூரை இல்லை. உம்மா பிடிவாதமாக உட்கார்ந்திருந்த கட்டில், கூரை மரம் விழுந்து இரண்டாகக் கிடந்தது. கீழே வந்தேன். உம்மா தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு, நெற்றியில் கட்டோடு, பழையபடி கதவு மறைவில் நின்றார்.

"இத மாப்பிளைக்கிட்டக் குடு புள்ள."

வாங்கிக்கொண்டு போனேன். இன்றைக்கும் காற்று கொஞ்சம் பலமாக வீசினால், ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால், வீட்டில் யார் யாருக்கு வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.