போன கை திரும்பி வரும் படம்

ஆரோக்கியமேரி டீச்சர் இறந்துபோன செய்தி எனக்கு எழுத்தில்தான் வந்தது. காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளியின் கணினி அறையைத் திறந்துகொண்டிருந்தேன். பெற்றோர் குழுவில் திருமயத்துத் தகப்பனார் ஒருவர் எழுதியிருந்தார்: "நம்ம மேரி டீச்சர் விடியக்காலையில தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம்." அதற்குக் கீழே யாரும் பூவோ கும்பிடும் கையோ போடவில்லை. ஒருவர் பின் ஒருவராக டீச்சரின் அசையும் படத்தையே போட்டார்கள். மாம்பழ நிறச் சேலையில் நின்றுகொண்டு, "போயிட்டு வாரேன்" என்று அவர் கையால் சொல்கிற படம். உங்களில் பலருடைய கைபேசியிலும் அது இருக்கும். ஆனால் அன்று வந்தவற்றில் நாலைந்து படங்களில் டீச்சரின் கை வெளியே போனது, திரும்பி வரவில்லை. அப்படி ஆனதற்குக் காரணம் நான். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது புதுக்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. டீச்சர் ஆலங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். நான் கணினி ஆசிரியர். பதினோரு வருஷம் ஒரே வராந்தாவில் எதிரெதிர் அறைகளில் இருந்தோம். பிள்ளைகள் இங்கே சைகையில் வாய் ஓயாமல், அதாவது கை ஓயாமல், பேசுவார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் ஊமையாகிவிடுவார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சைகை தெரியாது. டீச்சரை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். "பிள்ளைக்கிப் பேசக் கத்துக் குடுத்துட்டோம் சார். பேசுறதுக்கு வீட்டுல ஒரு ஆள் இல்லையே" என்பார்.

அதனால் டீச்சர் தானே நின்று ஒவ்வொரு சைகையாகச் செய்ய, நான் படம் பிடித்தேன். ஜிஃப் என்ற பழைய வகை அசையும் படங்களாக மாற்றிக் குழுவில் போட்டோம். அதில் நிறங்கள் குறைவு. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. "என்ன சார், அம்மை போட்ட மாதிரியில்ல இருக்கேன்" என்று சிரித்தார். புள்ளியாவது பரவாயில்லை, கனம்தான் தொல்லை. ஒரு சைகை எட்டு எம்பி. பெற்றோரிடம் இருந்ததோ கைமாறி வந்த பழைய போன், இடமில்லாத நினைவகம், கொல்லைக்குள் போனால் செத்துப்போகும் சிக்னல். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் திறக்காது.

அதே படத்தை வெப்பி என்ற புதிய வகைக்கு மாற்றினால் அரை எம்பியில் அடங்கிவிடும். அதற்கு மவுஸ் எல்லாம் வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை: பழைய படத்தின் பெயர், தரம் எவ்வளவு, எத்தனை தடவை சுற்ற வேண்டும், புதிய படத்தின் பெயர். நான் தட்டுவதைப் பார்த்துவிட்டு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் பயந்து ஓடும் அந்தத் திரை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "சத்தமே இல்லாமச் சொன்னதச் செய்யுது சார். நம்ம பிள்ளைகளுக்கு ஏத்த ஆளு" என்றார். முதலில் மாற்றிய படம் ஒரு தடவை அசைந்துவிட்டுச் சிலையாகிவிட்டது. சுற்று என்ற இடத்தில் பூஜ்யம் கொடுத்தால்தான் அது முடிவில்லாமல் ஓடும் என்று கண்டுபிடித்தோம். அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார்: "பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னு சொல்லிக் குடுக்கறோம். இங்கிட்டு என்னடான்னா, பூஜ்யம் போட்டா நிக்கவே நிக்காதாம்."

இனி என் தவறு. ஒரு வெள்ளிக்கிழமை, சேர்ந்திருந்த படங்கள் அத்தனையையும் ஒரே ஓட்டத்தில் மாற்ற உட்கார்ந்தேன். அளவு இன்னும் குறையட்டும் என்று, எந்தப் படமும் இரண்டு விநாடியைத் தாண்டக் கூடாது என வரியில் ஓர் எல்லையைச் சேர்த்தேன். சோறு, தண்ணீர், வலிக்குதா, தூங்கு, எல்லாமே இரண்டு விநாடிக்குள் முடிகிற சைகைகள். ஓடி முடிந்ததும் அளவுகளைப் பார்த்தேன், பெருமையாக இருந்தது. யாரிடமும் காட்டாமல் குழுவில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

"போயிட்டு வாரேன்" மட்டும் எங்கள் பள்ளிச் சைகையில் இரண்டு பாதி. நெஞ்சிலிருந்து கை வெளியே போகும், பிறகு திரும்பி நெஞ்சுக்கு வரும். மொத்தம் நான்கு விநாடி. என் எல்லை அதைச் சரியாக நடுவில் வெட்டிவிட்டது.

வல்லத்திராக்கோட்டைப் பழனியம்மாள் அந்தச் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறார். கடலைக்கொல்லை வேலைக்குப் போகிறவர். மகள் கவிதா விடுதிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மகள் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து நழுவிப் போவார். வேறு எப்படி விடைபெறுவது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை முதல் தடவையாக வாசலில் மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முகம் மலர, கையால் சொன்னார். வாய் "போயிட்டு வாரேன் கண்ணு" என்றது. கை "போறேன்" என்றது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் கடைக்குப் போனாலும் யாரும் வெறுமனே "போறேன்" என்று சொல்வதில்லை. சாவு வீட்டில்தான் ஒன்றுமே சொல்லாமல் கிளம்புவோம். கவிதாவுக்கு அம்மாவின் வாயசைவு புரியாது, கைதான் புரியும். சேலையைப் பிடித்தவள் விடவில்லை. மணி அடித்தது, இரண்டு வகுப்பு முடிந்தது, யார் பிரித்தும் பிரியவில்லை. பழனியம்மாள் என்ன செய்தோம் என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றார்.

பஸ் பழுதாகி அன்று தாமதமாக வந்த டீச்சர், பையைக்கூட வைக்காமல் வாசலிலேயே மண்டி போட்டார். முழுச் சைகையையும் கவிதாவுக்குச் செய்து காட்டினார். பிறகு பழனியம்மாளின் கையைப் பிடித்துச் செய்ய வைத்தார். போனது, வந்தது. இன்னொரு தடவை. ஏழெட்டு தடவைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பிடி தளர்ந்தது.

என் அறைக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. "போற கையோட நிப்பாட்டிட்டீங்களே சார்" என்றார். நான் வீம்புக்கு, அளவைக் குறைக்கத்தானே செய்தேன் என்று இழுத்தேன். "பெருசா இருந்துட்டுப் போகட்டும். திரும்பி வாரதுக்குத்தானே சார் எடம் வேணும்" என்றார். படத்தின் அளவைப் பார்த்தேனே தவிர, அதில் இருந்த கையை நான் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்தார். மாற்றிய படத்தை யாராவது ஒரு தாய் பார்த்து, கையால் செய்து காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால்தான் குழுவுக்குப் போகும். மூலப் படத்தை எந்தக் காலத்திலும் அழிக்கக் கூடாது. "சின்னதாக்குனத மறுபடி பெருசாக்க முடியாதுல்ல" என்பார். நான் முணுமுணுத்துக்கொண்டே கேட்டு நடந்தேன். வெட்டுப்பட்ட படத்துக்குப் பதில் சரியானதை அனுப்பினோம். ஆனால் கைபேசிக்குள் ஒருமுறை போன படம் எங்காவது ஒளிந்திருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

கடைசியாக அவரைப் பார்த்தது, சரியாகச் சொன்னால் பார்க்காமல் விட்டது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். ஐந்தே கால் பஸ்ஸுக்குக் கிளம்பியவர் வழக்கம்போல என் கதவருகே நின்றார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரைக் கண்ணாடியில் அவருடைய சேலையின் நிறம் அசைந்தது. கையால் சொல்கிறார் என்று தெரிந்தது. திரும்பாமல் "ம்ம்" என்றேன். "போயிட்டு வாங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அந்த "ம்ம்" இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. மறுநாள் விடியலில் அவர் இல்லை.

செய்தி வந்த அன்று, குழுவில் வந்த வெட்டுப்பட்ட படங்களை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கணினியைத் திறந்தேன். அவர் சொல்லுக்காக அழிக்காமல் வைத்திருந்த மூலப் படம் இருந்தது. அந்த வரியை மறுபடி தட்டினேன். விநாடிக்கு எல்லை இல்லை. சுற்றுக்குப் பூஜ்யம். ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக அனுப்பி, பழையதை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் வழக்கப்படி ஒரு தாய் செய்து காட்ட வேண்டுமே என்ற நினைப்பு அனுப்பிய பிறகுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூடினோம். டீச்சர் படத்துக்கு முன்னால் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து "போயிட்டு வாங்க டீச்சர்" என்று கையால் சொன்னார்கள். யாருமே பாதியில் நிறுத்தவில்லை. என் முறை வந்தது. அத்தனை படங்களை மாற்றிய நான், ஒரு சைகையைக்கூட ஒழுங்காகப் பழகியதில்லை. செய்தேன். பின்னால் நின்ற பழனியம்மாள் பக்கத்தில் வந்தார்.

"சார், கை பாதியில நிக்கிது. நெஞ்சு வரைக்கும் கொண்டாங்க. அப்பத்தான் வாரதா அர்த்தம்."

என் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சில் கொண்டுவந்து வைத்தார். அங்கேதான் நான் அழுதேன்.

அந்த எட்டு எம்பி மூலப் படம் என்னிடம் இருக்கிறது. அதை இனிச் சிறிதாக்க மாட்டேன். சாயங்காலம் அறையைப் பூட்டும் முன் அதைத் திறக்கிறேன். முகமெல்லாம் புள்ளியோடு அவர் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். ஐந்தே கால் பஸ் வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு பதில் சொல்கிறேன், டீச்சர். கை இப்போது நெஞ்சு வரைக்கும் வருகிறது.