சத்தம் கேட்டு வாங்கிய கார்

இதை எழுதுவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மைமூன் அக்காவை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள் மேலப்பாளையத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அவரோடு வேலை பார்த்தவள் மட்டுமே. நாற்பதாம் நாள் ஓதும்போது வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடப்போவதாக அவருடைய தம்பி செய்யது அண்ணன் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சொன்னார். "ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. லாத்தா வீட்ல இருந்தத விட உங்ககூட இருந்ததுதான் அதிகம்" என்றார். அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேசத் தெரியாதவளுக்கு எழுதத் தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

புறப்படும்போது செய்யது அண்ணன் இன்னொன்றும் சொன்னார். அக்காவின் சிவப்புக் கார் பழுதாகி வாசலில் நிற்கிறது. நாற்பது முடிந்ததும் பேட்டையிலிருந்து ஒருவர் வந்து இழுத்துப் போவார். முழு வண்டியாக யாரும் கேட்கவில்லை, அவர் உதிரி உதிரியாகப் பிரித்து விற்றுக்கொள்வார் என்றார். அதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பக்கங்களைக்கூட எழுந்து எழுந்து நடந்துதான் எழுதுகிறேன்.

செய்தி வந்தது ஒரு காலை நேரம். ரத்தக் குழாய்களை இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் இசக்கி அண்ணாச்சி செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். செருப்போடு அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, மைமூனம்மா மௌத்தாயிட்டாவளாம்."

இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடி நின்றேன். நான் கேட்பதற்கு முன்பே யாரோ கேட்டார்கள்: "அந்தக் கார்ல போயா?"

இல்லை. கூட இருந்தவர்களும் தெருவில் இருந்தவர்களும் அன்று முழுவதும் அதைத்தான் கேட்டார்கள் என்பதால் இங்கே தெளிவாக எழுதுகிறேன். அக்கா இறந்தது வீட்டில். விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுத் தேநீர் போடும்போது, தலையில் ரத்தக்குழாய் வெடித்து. கார் அப்போது ஓடாமல் நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. அதன்மேல் எந்தப் பழியும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவைப் பார்த்துப் பயந்தேன். வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. விடியும் முன்னே ஸ்கூட்டரில் புறப்பட்டு, நாங்கள் வரும்போது பாதி ஊரைச் சுற்றி முடித்திருப்பார். நின்றுகொண்டே சாப்பிடுவார். யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால் அதில் பையை வைப்பார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறார். பட்டம் வாங்கியும் என் சம்பளத்தில் ஏற்பட்ட தவற்றை மேலாளரிடம் கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்தேன். அக்கா அதை எப்படியோ கண்டுபிடித்தார்.

"ஏட்டி, ஊசி குத்தக் கை நடுங்கல. நாலு வார்த்த கேக்க நடுங்குதோ? வாயத் தொறந்து கேளு, மூதி."

நான் கேட்கவில்லை. அவரும் எனக்காகப் போய்க் கேட்கவில்லை. "ஒனக்குன்னு ஒரு வாயி இருக்கே, நான் எதுக்கு?" என்றார்.

சீட்டுப் பணம் கைக்கு வந்த ஆண்டு, அக்கா கார் வாங்கப்போவதாகச் சொன்னார். வீட்டில் எல்லோரும் ஏறக்கூடிய பெரிய வண்டியாக வாங்கச் சொன்னார்கள். கல்யாணம் காட்சிக்கு ஆகும் என்றார்கள். அக்கா தேடியது அதுவல்ல. சின்ன உடம்பு, பெரிய மூச்சு உள்ள ஒரு வண்டி. அதைச் செய்த கம்பெனி அந்த வகையை விற்பதையே நிறுத்திவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சைத் தொடும்.

முதல் வண்டியைப் பார்க்க வண்ணாரப்பேட்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்னை என்று கேட்டதற்கு, "நீதான் எதையும் முறைச்சு முறைச்சுப் பாக்கியே, வா" என்றார். அங்கே அவர் செய்ததைப் பார்த்துத் தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

"என்னம்மா இது, மாப்பிள்ள மொகத்தப் பாக்காமலே நிக்காஹ்வா?"

"மொகத்த வச்சு என்ன செய்ய, அண்ணாச்சி? பேசுறதக் கேட்டாத்தான் ஆளு தெரியும். ஆக்ஸிலேட்டர மிதிங்க. பைய... இப்ப வுடுங்க."

கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது. இதுதான் என்றார். பேசி முடித்துவிடுவார் போலிருந்தது. நான் அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வரை பளபளவென்று வந்தது. இன்னும் இழுத்தபோது, யாரும் வழக்கமாக இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. ஆறு ஊருக்குள் வந்த வெள்ளத்தின்போது எங்கள் வீட்டுச் சுவரில் படிந்த அதே நிறம். வண்டி மூழ்கி எழுந்தது. என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பெல்ட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நான் இறங்காததைப் பார்த்து அக்கா குனிந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ள ஏற்கனவே ஆத்துல குளிச்சுட்டு வந்திருக்காரு போல" என்றார். திரும்பி வரும் வழியில் எனக்கு டவுணில் அல்வா வாங்கித் தந்தார். "நான் காது, நீ கண்ணு. வாய் மட்டும் யாருகிட்டயாவது கடன் வாங்கணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிவப்பு வண்டி தூத்துக்குடியில் கிடைத்தது. பெல்ட் சுத்தமாக இருந்தது. சத்தமும் சரியாக இருந்தது. ஒரு கதவில் மட்டும் வண்ணம் சற்று மாறியிருந்தது. அதை மறைக்க முயலாமல் உரிமையாளரே சொன்னார் என்பதால் அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் வரவேற்பு இல்லை. செய்யது அண்ணன் பின் இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "லாத்தா, இதுல நம்ம வீட்டு ஆட்டத்தான் ஏத்தலாம்" என்றாராம். அண்ணன் இதைப் படிக்கும்போது கோபப்பட மாட்டார் என்று நம்புகிறேன். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த வண்டியை வைத்துக்கொள்வது எளிதாக இல்லை. வேகத்தடையை நேராக ஏறினால் வயிறு இடிக்கும். சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். பின்னால் வரும் டவுண் பஸ்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். சின்ன ரப்பர் வளையத்துக்குக்கூட மெக்கானிக் ஆறுமுகம் அண்ணாச்சி கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். "தாயி, இது கோவக்காரப் புள்ள. சோறு போட்டாலும் மொறைக்கும்" என்பார் அவர். "அப்ப என் சாதிதான்" என்பார் அக்கா.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வண்டி அக்காவை அடக்கியது. அதன் எஞ்சினில் காற்றைத் திணிக்கும் சிறு விசிறி ஒன்று உண்டு, டர்போ என்பார்கள். வேகமாக ஓட்டி வந்ததும் அது கொதித்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று அது கருகிப்போகும். ஆகவே வண்டியை நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகுதான் அணைக்க வேண்டும். நாள் முழுவதும் எங்கும் உட்காராத மைமூன் அக்கா, அந்த ஒரு நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர் ஏதோ ஓதிவிட்டு இறங்குகிறார் என்று இசக்கி அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பீடியை அணைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். வேறு வண்டி எதையும் பக்கத்தில் விட மாட்டார். நான் அவரைத் திருத்தவில்லை.

சென்ற ஆண்டு உளுந்து பிடுங்கும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பாபநாசம் போனோம். அருவியில் கால் நனைத்துவிட்டு, ஆற்றை ஒட்டியே இங்கிருந்து அது கடலில் சேரும் புன்னக்காயல் வரை ஒரே நாளில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். திரும்பும்போது வீரவநல்லூருக்கு முன்னால் சாலை நெடுகச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும் அல்லவா. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது ஒன்றுமில்லை. எங்கள் வண்டி தரையை ஒட்டிப் போவது. சற்று தூரத்தில் கருகல் வாடை வந்தது.

"ஏம்மா! நிறுத்து, நிறுத்து! அடியில பொகையுது!" ஓரத்தில் முறத்தோடு நின்ற ஒரு பெண் கத்தினார்.

இறங்கிப் பார்த்தால் காய்ந்த கொடி அடிப்பாகம் முழுக்கச் சுற்றி, புகைக்குழாயில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. அக்கா அப்படியே சாலையில் படுத்துக் கையை விட்டு இழுத்தார். நான் தண்ணீர்ப் பாட்டிலை ஊற்றினேன். அந்தப் பெண்ணும் இன்னும் இருவரும் குச்சியால் இழுத்துப் போட்டார்கள்.

"இது என்ன வண்டி, தரைய நக்கிக்கிட்டே போவுது?"

"ஒங்க உளுந்து மேல ஆச அதுக்கு" என்றார் அக்கா, படுத்தபடியே.

"ஆசப்பட்டா கொள்ளு குடும்மா, உளுந்து எதுக்கு?"

எல்லோரும் சிரித்தோம். அக்கா எழுந்தபோதுதான் பார்த்தேன்: வலது உள்ளங்கை குழாயில் பட்டு வெந்து, தோல் எழும்பியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. சாவியை என்னிடம் நீட்டினார். பயிற்சிப் பள்ளியில் கற்று உரிமம் வாங்கியிருந்தேனே தவிர, அந்தப் பள்ளியின் கிழட்டு வண்டியைத் தவிர எதையும் நான் ஓட்டியதில்லை.

"அக்கா, நான்..."

"வேற யாரு? இந்த அக்காமாரா ஓட்டுவாங்க? ஏறுட்டி."

சேரன்மகாதேவி வரும் வரை அவர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். "அந்த ஆட்டப் பாரு. ஆட்டுக்குப் பின்னால குட்டி வரும், அதையும் பாரு. ஹாரன் அடிட்டி, அதுக்குமா வெக்கம்?" அடித்தேன். பேட்டை தாண்டியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பப் போனவளின் கையைப் பிடித்தார். "அணைக்காத. ஒரு நிமிஷம்."

கணவர் இறந்தபின் வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்த இத்தா நாட்களைப் பற்றி அந்த நிமிடத்தில் சொன்னதை அவர் வேறு யாரிடமும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

"அவரு மௌத்தாகி நான் இத்தா இருந்தேன்லா, நாலு மாசம் பத்து நாளு. அந்தா அந்த ஜன்னல்தான். வெளிய பாக்க முடியாது, சத்தம் மட்டும் வரும். தெனமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் ஒரு வண்டி போவும். மத்த வண்டியெல்லாம் இருமிக்கிட்டுப் போவும். இது தொண்டையச் செருமிக்கிட்டுப் போவும். யாரு வண்டி, என்ன நெறம், ஒண்ணும் தெரியாது. நாளைக்கும் வரணுமேன்னு இருக்கும். வந்துச்சுன்னா, ரோடு இன்னும் இருக்குன்னு அர்த்தம்." வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கித்தான் ஓட்டாம உக்காந்து கேட்டேன். அதே சத்தம். ம், இப்ப அணை."

கார்க் கதவைத் திறந்தபோது அக்காவின் உம்மா தேநீரோடு வாசலில் நின்றார். அவர் வழக்கம் அது. தெருமுனையில் சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பார். மகள் அந்த ஒரு நிமிடம் உட்கார்ந்து இறங்குவதற்குள் தேநீர் தயாராகியிருக்கும்.

இந்த ஆண்டு புன்னக்காயல் போவதென்று இருந்தோம். போகவிருந்த வாரத்தில்தான் எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் பைப் வெடித்தது. ஆறுமுகம் அண்ணாச்சி புதிய பைப் வரும்வரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா கூடத்தின் முகவரிக்கு அனுப்பச் சொன்னார், வீட்டுக்கு வந்தால் "இன்னும் இந்தச் சவத்துக்குச் செலவா?" என்று கேட்பார்களாம். அக்காவை அடக்கம் செய்த மறுவாரம் பார்சல் வந்தது. இசக்கி அண்ணாச்சி அதை என்னிடம் தந்தார். மேலே அக்காவின் பெயர். ஊசிகளும் பஞ்சும் இருக்கும் என் மேசை இழுப்பறையில் அது இருக்கிறது.

ஏழாம் நாள் நான் அக்கா வீட்டுக்கு வந்தபோது உம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சத்தமே இல்லாம வந்திருக்கியே" என்றார். அவர் படுப்பது இப்போது அக்கா இத்தா இருந்த அந்த ஜன்னலை ஒட்டிய கட்டிலில்தான்.

மைமூன் அக்கா, போய் வாருங்கள். அங்கே யாரும் உங்களை உட்காரச் சொல்லி வற்புறுத்தாமல் இருக்கட்டும். நீங்கள் திட்டிச் சொன்னபடியே என் சம்பளத்தைப் பற்றி மேலாளரிடம் கேட்டுவிட்டேன். உங்களிடம் சொல்ல நினைத்திருந்த நாளில்தான் இசக்கி அண்ணாச்சி செருப்போடு உள்ளே வந்தார்.

செய்யது அண்ணன், இனி எழுதுவது உங்களுக்கு. நேரில் கேட்க இரண்டு முறை உங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். வண்டியைப் பேட்டைக்காரரிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள். இனாமாக வேண்டாம், அவர் சொன்ன விலையை நான் தருகிறேன். பைப் என்னிடம் இருக்கிறது, மாட்டித் தருவதாக ஆறுமுகம் அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். தினமும் வேலை முடிந்து, அஸருக்குப் பிறகு, உங்கள் தெரு வழியாகத்தான் ஓட்டிப் போவேன். உங்கள் வாசலில் ஒரு நிமிடம் அணைக்காமல் நிற்பேன். சாவியை எனக்குத் தருவீர்களா?