காளிராஜ் விட்ட கோல்

தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போன கரிசல் மண்ணின் வாசம்... அதோடு கலந்து லேசாக ஒரு கந்தக வாசம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருடம், சிவகாசியில் நடந்த கால்பந்து பைனலை நினைத்தால் எனக்கு முதலில் மூக்கில்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் விருதுநகர் மாவட்ட அணிக்கும் தஞ்சாவூர் மாவட்ட அணிக்கும் இறுதிப் போட்டி. எங்கள் அணி பைனலுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. தீபாவளி சீசன் நேரம். அரை நாள் லீவு கேட்டு வாங்கி, பட்டாசுக் கம்பெனி ஆட்கள் வேலையிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்திருந்தார்கள். பலருடைய கையில் அலுமினியப் பவுடர் அப்படியே இருந்தது. அவர்கள் கை தட்டினால் சாயங்கால வெயிலில் வெள்ளித் தூள் பறக்கும். மார்கழிப் பனிமூட்டத்தில் லைட் அடித்தால் எப்படி மினுங்குமோ, அதுபோல.

"சார், இங்கன உக்காருங்க. வெயில் மூஞ்சியில அடிக்காது" என்று இடம் பிடித்துக் கொடுத்தவர் சங்கரபாண்டி. என்னிடம் அறிவியல் படித்தவர். அப்போது ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் பக்கத்தில் தஞ்சாவூர் அணியின் மேனேஜர்.

மேனேஜருக்கு ஒரு குறை. "சிவகாசியில பைனல்னு சொல்றீங்க... ஒரு சரவெடிகூடக் கிடையாதா?"

"சத்தத்த நாங்க வெளியூருக்குத்தான் விப்போம். வீட்டுல வச்சிக்கிறதில்ல" என்றார் சங்கரபாண்டி.

எங்கள் கோல்கீப்பர் காளிராஜ், காலண்டர் அடிக்கிற அச்சாபீஸில் வேலை பார்ப்பவர். கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். மனைவி முத்துமாரிக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை. அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. காளிராஜ் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து குரல் வரும்.

"ஏலே காளி, காலண்டர்த் தாள் மாதிரி வழுக்கி விட்றாதலே!"

வழுக்கவே இல்லை. பாய்ந்து பாய்ந்து பிடித்தார். ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தன. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அப்போதுதான் மேற்கே அந்தச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சத்தம். காதில் கேட்டதைவிட, உட்கார்ந்திருந்த சிமெண்ட் படியில் உணர்ந்ததுதான் அதிகம்.

அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து நின்றோம். தாயில்பட்டி இருக்கிற திசை அது. முதலில் கண் புகையைத் தேடும். அடுத்து காது இரண்டாவது சத்தத்துக்குக் காத்திருக்கும். பட்டாசு ரூமில் தீப் பிடித்திருந்தால் ஒரு சத்தத்தோடு நிற்காது, அடுத்தடுத்து வரும். எங்கள் ஊரில் இதை யாருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

வகுப்பில் நான் மின்னலையும் இடியையும் உதாரணமாகச் சொல்வேன். சத்தம் மெதுவாகத்தான் வரும். அது காதில் விழும்போது நடந்தது நடந்து முடிந்திருக்கும்.

காளிராஜ் கோல் போஸ்டை விட்டுவிட்டு வேலி ஓரமாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பையன் ஒருவனுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. பந்து அவன் காலில். எதிரே காலியான கோல். அடித்தான். நடுவர் கோலுக்கு விசில் ஊதினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான்... பாதியில் நின்றுவிட்டான். அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அவ்வளவு பெரிய கூட்டம். கொடி காற்றில் அடிக்கிற சத்தம் மட்டும்.

சங்கரபாண்டியின் செல்போன் அடித்தது. எங்கள் வரிசை முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது.

"சொல்லுய்யா... எங்கன?... சரி... நல்லா விசாரிச்சியா?" போனை இறக்கினார். "கல்குவாரி வெடியாம். மத்தியானம் வைக்கிறத இன்னைக்குப் பிந்தி வச்சிருக்கான். தாயில்பட்டில ஒண்ணுமில்ல."

அந்தச் செய்தி வாய்வாயாக மைதானத்தைச் சுற்றிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். குளத்தில் கல் போட்டால் அலை போகுமே, அப்படி. போகப் போக ஒவ்வொரு வரிசையாக மூச்சு விட்டு உட்கார்ந்தது. கடைசியில் காளிராஜிடம் போய்ச் சேர்ந்தது. வேலியோரம் கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். திரும்பிப் போய் போஸ்டில் நின்றார்.

தஞ்சாவூர் கேப்டன் நடுவரிடம் ஏதோ தயங்கித் தயங்கிப் பேசினார். காளிராஜ் அங்கிருந்தே கையை ஆட்டினார். "கோல் கோல்தாங்க. போஸ்ட்ட விட்டு நாந்தான போனேன்? ஆட்டத்தப் போடுங்க."

தோற்றோம். ஒன்றுக்குப் பூஜ்யம்.

கடைசி விசில் ஊதியதும் எழுந்த கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. வெள்ளித் தூள் எழும்பி மேற்கு வெயிலில் அப்படியே நின்றது. கப் வாங்கப் போன தஞ்சாவூர்ப் பையன்கள் அதை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார்கள்.

மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "தோத்ததுக்கா இவ்வளவு கைதட்டு?"

"ஷிப்டு முடிஞ்சு எல்லாரும் வீடு வந்து சேந்துருவாகல்ல... அதுக்குத்தான்" என்றார் சங்கரபாண்டி.

மைதான வாசலில் காளிராஜோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. தூக்குவாளியோடு முத்துமாரி இறங்கினார்.

"ஜெயிச்சீகளா?"

"இல்ல. ஒரு கோல் விட்டுட்டேன்" என்றார் காளிராஜ்.

"எப்படி விட்டீக?"

"வேடிக்கை பாத்துட்டேன்."

"பந்து வர்ற நேரத்துல அப்படி என்ன வேடிக்கை?"

காளிராஜ் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். சைக்கிள் கேரியரைக் கையால் துடைத்துவிட்டார்.

இப்போது எங்கேயாவது சத்தம் கேட்டால், அடுத்த நிமிடம் போனில் குரூப்புக்குச் செய்தி வந்துவிடுகிறது. ஒன்றுமில்லை என்றால் ஒரு கட்டைவிரல் படம். அது நல்லதுதான், யாரும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

டிவியில் பெரிய பெரிய பைனல் எல்லாம் பார்க்கிறேன். கோல் விழுந்தால் லட்சம் பேர் கத்துகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் அன்றைக்கு ஒரு மைதானமே சேர்ந்து மூச்சு விட்டதே, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை.