எலும்போரச் சிவப்பு

மகன் பொரித்துத் தந்த பன்றித் துண்டு உள்ளே சிவந்திருந்தது. கடையில் வாங்கிய கறிக்கு அது போதும் என்றான். இருக்கட்டும், நான் திரும்பச் சட்டியில் போட்டேன். மிளகும் கொழுப்புமாக எழுந்த வாசனை, செமிலிங் பக்கம் இன்று செம்பனைத் தோட்டமாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எல்லா வீட்டுக்குமாக அம்மா சமைக்கும் காட்டுப்பன்றிக் கறிக்கு என்னை இழுத்துப் போனது. பச்சைக் கறி பட்ட கத்தியையும் பலகையையும் கொதிநீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் அவள் வெங்காயத்தைத் தொடுவாள். விறகைத் தணித்து, கிழட்டுப் பன்றியின் முறுக்கு இளகும்வரை மெல்லக் கொதிக்கவிடுவாள். மூடி தடதடப்பதைக் கேட்டபடி நாங்கள் தட்டோடு காத்திருப்போம்.

ஒரு வருஷம், பால் வெட்ட மரம் பிரித்துக் கொடுக்கும் மண்டோர் கிண்ணத்தோடு முன்னாலேயே வந்து நின்றார்.

"எலும்போரம் இன்னும் செவப்பா இருக்குண்ணே. வேகட்டும்," என்றாள் அம்மா.

"எனக்கு ஒன்னும் ஆவாதுலா. போடு."

"ஒங்களுக்கு ஒன்னும் ஆவாது. ஒங்க புள்ளைங்களும்தானே திங்கும்."

வெறும் கிண்ணத்தோடு போனவர், பண்டிகை முடிந்ததும் அம்மாவுக்கு மேட்டுக்காட்டு மரங்களை ஒதுக்கினார். வருஷம் முழுக்க அவள் வாளியோடு அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கினாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அவர் கறி வேகுமுன்பே வந்தார். அம்மா மூடியில் கை வைக்கவில்லை.

"மேட்டுலதான் நிக்கிறேன், இனிமே எங்க அனுப்புவீங்க? உக்காருங்கண்ணே, வேகட்டும்."