பதினெட்டு நிமிடமும் பதினோரு நிமிடமும்

ரிமோட் கார் வாங்க வருபவர்கள் வேகத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு மட்டும் கடைக்காரன் பேச்சைத்தான் நம்ப வேண்டும். சார்ஜ் போட்டு ஓட்டும் எதையாவது வாங்கி நொந்தவர்களுக்கு, ஓசூரில் பொம்மைக் கடை வைத்திருக்கும் என் பாடு புரியும்.

ஒரே மாதிரி இரண்டு

தளியில் ரோஜா பயிரிடும் மல்லப்பா தன் இரட்டைப் பெண்களுக்கு ஒரே மாடலில் சிவப்பும் நீலமுமாக இரண்டு கார் வாங்கினார். இரண்டும் ஒரே நேரம் ஓடும் என்று அடித்துச் சொன்னேன். அடுத்த வாரமே பெண்களோடு வந்து நின்றார். கங்காவின் சிவப்பு பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. துங்காவின் நீலம் பதினொன்றில் படுத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். யார் கார் கடைசிவரை ஓடுகிறது என்று தெருப் பிள்ளைகள் முன்னால் போட்டி வேறு வைத்திருக்கிறார்கள். மல்லப்பா சொன்னார்: "அண்ணா, ஒரே நாள்ல பொறந்ததுங்க, இப்ப ஒரே ரூம்ல படுக்க மாட்டேங்குதுங்க."

விரல் மேல் பழி

விசையை முழுசாக அழுத்திக்கொண்டே இருந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்று துங்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே உள்ளே ஏதோ உறுத்தியது. அவள் இரண்டு காரின் பேட்டரியையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு, முழுதாக சார்ஜ் ஏற்றித் தரச் சொன்னாள்.

கடை வாசலில் விட்டோம். பத்து, பதினொன்று. டீ குடிக்க வந்த கம்பெனி ஆட்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். இந்த முறை சிவப்பு படுத்தது. நீலம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினெட்டைத் தொட்டதும் துங்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்: "அங்கிள், இப்ப என் விரல் சரியாயிடுச்சா?"

பக்கத்துக் கடைச் சாட்சி

சீக்கிரம் படுத்த பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, புதுப் பேட்டரியோடு ஞாயிறன்று நானே வருவதாகச் சொல்லி அனுப்பினேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு, பிறகு ஏன்? பக்கத்தில் செல்போன் ரிப்பேர் செய்யும் அன்வர் பாய் பழைய பேட்டரியை விரலால் தடவி, லேசாக உப்பியிருப்பதைக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. நீலக் கார் ஆறு மாதம் என் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு இருந்தது. வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்ட எப்போதும் முழு சார்ஜில் வைத்திருப்பேன். அப்படியே வைத்திருந்தால் பேட்டரி தளர்ந்துவிடும். அதைத் துடைத்து, டப்பாவில் போட்டு, புதுசு என்று விற்றது மறதியா, மறக்க விரும்பியதா என்று எனக்கே தெரியவில்லை. பாய் சொன்னார்: "காலைல சாமிக்கு விளக்கு, அப்புறம் நீலக் காருக்கு சார்ஜ். தினமும் பார்த்துட்டுதானே இருந்தேன் சார்."

தளியில் ஞாயிறு

பேட்டரி போடுவதற்கு முன் எல்லோர் எதிரிலும் உண்மையைச் சொன்னேன். மல்லப்பாவின் முகம் சுருங்கியது. துங்கா மட்டும், "சரி, போடுங்க" என்றாள்.

பூக்கூடைகளைச் சுற்றி இரண்டு காரும் பறந்தன. கன்னடத்திலும் தமிழிலும் ஒரே கூச்சல்; ஐம்பது தாண்டிய நானும் கத்திக்கொண்டிருந்தேன். பதினெட்டு தாண்டி சிவப்பு இழுத்து இழுத்து நின்றது. நீலம் இன்னும் ஒரு சுற்று போய், அதன் பக்கத்திலேயே வந்து நின்றது. மல்லப்பா சிரித்துவிட்டார். கங்கா சிவப்புக் காரைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்: "அங்கிள், என்னுதும் அலமாரில இருந்ததா?"

இப்போது காட்சிக் காரின் மேல் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் விலை கேட்கிறார்கள்.